கார்வெட் சி8: முன்னாடி அழகு, பின்னாடி சண்டை, நடுவுல இன்ஜின்

செவ்ரொலே கம்பெனியோட ஸ்போர்ட்ஸ் கார்தான் கார்வெட், அதோட எட்டாவது தலைமுறை சி8. இந்த கார்வெட் சி8 பத்தி நாலு கார் பைத்தியங்க உக்காந்து பேச ஆரம்பிச்சா முதல்ல வர்றது ஸ்டைல் சண்டைதான். ஒருத்தர் ஃபெராரியை அப்படியே பாத்து வரைஞ்சுட்டாங்கம்பாரு, இன்னொருத்தர் பின்பக்கம் அதே கம்பெனியோட கமாரோ மாதிரி இருக்கும்பாரு, பழைய கார்வெட் வச்சிருக்கிற பெரியவர் ஒருத்தர் வந்து நீள பானெட் இல்லன்னா அது கார்வெட்டே கிடையாதுன்னு ஒரே போடா போட்டுட்டுப் போயிடுவாரு. நான் இருக்கிறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். ஆகஸ்ட் மாசம் உட்வர்ட் அவென்யூல ட்ரீம் க்ரூஸ் நடக்கிறப்ப ரோட்டோரத்துல சேர் போட்டு உக்காந்தா 1950கள்ல வந்த கார்ல இருந்து போன வாரம் டெலிவரி எடுத்த கார் வரைக்கும் எல்லா கார்வெட்டும் வரிசையா போகும், இந்த சண்டையும் கூடவே ஓடும். என்னோட கருத்து என்னன்னா, இந்த கார்ல நமக்குப் பிடிச்சதும் பிடிக்காததும் எல்லாமே இன்ஜினை முன்பக்கத்துல இருந்து எடுத்து டிரைவருக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல வச்ச ஒரே முடிவுல இருந்து வந்தது, அதை விட்டுட்டு அழகா இருக்கா இல்லையான்னு மட்டும் பேசினா பாதி காரைத்தான் பாத்த மாதிரி.

முதல்ல அந்த முடிவு எவ்வளவு பழசுன்னு சொல்லிடறேன். ஸோரா ஆர்கஸ் டன்டோவ், கார்வெட்டை உண்மையான ஸ்போர்ட்ஸ் காரா மாத்தின இன்ஜினியர், 1960லயே செர்வ் 1ன்னு ஒரு சோதனை வண்டி பண்ணாரு, இன்ஜின் டிரைவருக்குப் பின்னாடி. அப்புறம் செர்வ் 2, 60கள் முடியிறப்ப எக்ஸ்பி 882, 70கள்ல ஏரோவெட், 1986ல கார்வெட் இண்டி, 1990ல செர்வ் 3. ஒவ்வொரு தடவையும் பத்திரிகைக்காரங்க அடுத்த கார்வெட் இதுதான்னு அட்டைப்படம் போடுவாங்க, ஒவ்வொரு தடவையும் கம்பெனி பணம் இல்ல, மார்க்கெட் இல்ல, இப்ப இருக்கிறதே நல்லா விக்குதுன்னு மூடி வச்சுடும். டன்டோவ் 1996ல இறந்துட்டாரு. அவரு ஆசைப்பட்ட கார் 2019 ஜூலை 18ஆம் தேதி கலிஃபோர்னியா டஸ்டின்ல, பழைய ராணுவ ஏர்ஷிப் ஹேங்கர் ஒண்ணுல வெளிய வந்துச்சு. அன்னிக்கு 60 ஆயிரம் டாலருக்குள்ளன்னு விலையைச் சொன்னப்ப நேரலையில பாத்துட்டிருந்த நாங்க எல்லாம் எழுந்து நின்னுட்டோம், 59,995 டாலர், டெலிவரி சார்ஜ் உட்பட.

சரி ஏன் மாத்தினாங்க. இதுக்கு முந்தின தலைமுறை சி7 ஒண்ணும் மோசமான கார் இல்ல, நான் இன்னிக்கும் மனசார விரும்புற கார் அது. 1997ல வந்த சி5ல இருந்தே இன்ஜின் முன்னாடி, கியர்பாக்ஸ் பின்னாடின்னு வச்சு எடையை ஏறக்குறைய சரிபாதியா பிரிச்சிருந்தாங்க. ஆனா சி7லயே பவர் அதிகமான கடைசி மாடல் இசட்ஆர்1ல 755 ஹார்ஸ்பவர் வந்தப்ப அந்த பவரை ரோட்டுக்கு இறக்க முடியல, பின் டயர் வெறுமனே சுத்துது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறப்ப எடை பின்னாடி சாயும், அந்த நேரத்துல பின் டயர் மேல எவ்வளவு பாரம் உக்காந்திருக்கோ அவ்வளவுதான் பிடிப்பு. சி8ல எடை முன்னாடி கிட்டத்தட்ட 40, பின்னாடி 60. அதனால என்ன ஆச்சுன்னா, 495 ஹார்ஸ்பவர் மட்டும் இருக்கிற ஸ்டிங்ரேங்கிற அடிப்படை மாடல், இசட்51ங்கிற பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் போட்டா, மணிக்கு 60 மைல் வேகத்தை 2.9 செகண்ட்ல தொடுது. சூப்பர்சார்ஜர் இல்ல, டர்போ இல்ல, ஹைபிரிட் இல்ல, 6.2 லிட்டர் வி8, அதுவும் புஷ்ராட் இன்ஜின்! ஐரோப்பா கார் ரசிகர்கள் இந்த புஷ்ராட் விஷயத்துல எப்பவும் மூக்கைச் சுளிப்பாங்க, பழைய டெக்னாலஜின்னு. ஆனா வால்வைத் திறந்து மூடுற கேம்ஷாஃப்ட் சிலிண்டர் ஹெட்டுக்கு மேல இல்லாம கீழ இன்ஜின் பிளாக்குக்குள்ளயே இருக்கிறதால இன்ஜினோட உயரம் குறையுது, அதோட ட்ரை சம்ப் வேற, அதாவது ஆயில் அடியில பெரிய தொட்டியில தேங்காம தனி டேங்குல இருக்கும், அதனால இன்ஜினை இன்னும் கீழ இறக்கி உக்கார வைக்கலாம், திருப்பத்துல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி இன்ஜின் காயாது. நடுவுல இன்ஜின் வைக்கிற காருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இந்த விலையில வேற இல்லன்னு நான் நம்புறேன்.

இப்ப ஸ்டைலுக்கு வரேன்.

முன்பக்கத்துல எனக்கு ஒரு குறையும் இல்ல. டிரைவர் உக்கார்ற இடத்தையே 16 இன்ச்சுக்கு மேல முன்னாடி தள்ளிட்டாங்க, இன்ஜின் இல்லாததால மூக்கு குட்டையா, சரிவா இறங்குது, ரெண்டு ஃபெண்டரும் முன் சக்கரத்துக்கு மேல எழும்பி நிக்குது. ஃபைட்டர் ஜெட்டை மனசுல வச்சு பண்ணோம்னு டிசைன் டீம் சொன்னாங்க, டாம் பீட்டர்ஸ் தலைமையில செஞ்ச கடைசி கார்வெட் இது. பொதுவா கார் கம்பெனிங்க ஜெட் கதை சொன்னா நான் காதுல வாங்கிக்கிறதில்ல, ஆனா இந்த கார்ல டிரைவர் சீட்ல உக்காந்து பாத்தா புரியும், கண்ணாடிக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாத மாதிரி ரோடு அப்படியே காலடியில இருந்து ஆரம்பிக்குது.

பக்கவாட்டுல அந்த பூமராங் மாதிரி வளைஞ்ச ஏர் இன்டேக் இருக்கே, அதைத்தான் நான் கிட்ட நின்னு ரொம்ப நேரம் பாத்தேன். ஆபீஸ்ல கூட வேலை பாக்கிற அண்ணன் ஒருத்தர் சிவப்பு கலர் இசட்51 வச்சிருக்காரு, முதல் தடவை பக்கத்துல போய் நின்னப்ப எனக்கு கதவை எப்படித் திறக்கிறதுன்னே தெரியல, கைப்பிடி எங்கயும் இல்ல. "தம்பி, அந்த ஓட்டைக்கு மேல விரலை விடு"ன்னாரு. இன்டேக்கோட மேல் விளிம்புக்கு அடியில கையை விட்டா விரல் நுனியில ஒரு ரப்பர் பட்டன் படுது, அழுத்தினா கதவு டக்குனு வெளிய வருது. கண்ணுக்கு எதுவும் தெரியாம காத்து போற வழியிலயே கைப்பிடியை ஒளிச்சு வச்சிருக்காங்க. பானெட்டும் டிக்கியும் இதே மாதிரிதான், வெளிய ஒரு பூட்டு கூட தெரியாது. இந்த மாதிரி சின்ன விஷயத்துல தெரியுற அக்கறைதான் ஒரு காரை ரசிக்க வைக்குது.

பின்பக்கம். இங்கதான் சண்டையே. நானும் சொல்றேன், பின்பக்கம் இந்த காரோட அழகான பக்கம் இல்ல. கனமா இருக்கு, உயரமா இருக்கு, கோடுங்க அதிகம், வென்ட் அதிகம், லைட் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கோணத்துல வெட்டிக்கிட்டு நிக்குது. 1961ல ஆரம்பிச்ச உருண்டை டெயில் லைட்டை சி7 வந்தப்பவே எடுத்துட்டாங்க, அப்பவே ஜனங்க கொதிச்சாங்க, சி8லயாவது திரும்ப வரும்னு எதிர்பார்த்தவங்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கும் அந்த வருத்தம் இருக்கு, நாலு உருண்டை லைட் இருட்டுல முன்னாடி போனா அரை மைல் தூரத்துலயே கார்வெட்னு தெரியும், இப்ப அந்த அடையாளம் இல்ல.

ஆனா ஏன் அவ்வளவு கனமா இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. சி7ஐ விட மூக்கு குட்டையா தெரிஞ்சாலும் காரோட மொத்த நீளம் அஞ்சு இன்ச்சுக்கு மேல கூடியிருக்கு, 176.9ல இருந்து 182.3 இன்ச். அந்த நீளம் முழுக்க எங்க போச்சு? டிரைவருக்குப் பின்னாடி இன்ஜின், அதுக்குப் பின்னாடி தானாவே கியர் மாத்துற எட்டு கியர் ட்வின் கிளட்ச் கியர்பாக்ஸ், அதுக்கும் மேல பின்னாடி ஒரு டிக்கி. அந்த டிக்கியில ரெண்டு கோல்ஃப் பேக் போகும், இல்லன்னா கழட்டின கூரையை உள்ள வச்சுக்கலாம். கார்வெட் வாங்குற ஆளுங்க யாருன்னு கம்பெனிக்கு நல்லா தெரியும், வாரக்கடைசியில பொண்டாட்டியோட ரெண்டு பை எடுத்துட்டு நானூறு மைல் போற ஜனம். கூரை கழட்டுற வசதியும் டிக்கியும் இல்லாம பண்ணியிருந்தா பின்பக்கம் குட்டையா, ஒட்டினாப்ல, ஃபெராரி மாதிரி இறுக்கமா வந்திருக்கும், பாக்க இன்னும் அழகா இருந்திருக்கும், ஆனா வருஷத்துல பாதி நாள் கராஜ்ல துணி போட்டு மூடி வைக்கிற பொம்மையா ஆயிருக்கும். நான் அந்த கனமான பின்பக்கத்தையே எடுத்துக்குவேன். முன்னாடி பானெட்டுக்கு அடியிலயும் ஒரு கேபின் பேக் போற இடம் இருக்குங்கிறது தனி. பின் டிக்கி இன்ஜினுக்குப் பக்கத்துல இருக்கிறதால உள்ள சூடாகும், கடையில பால், ஐஸ்கிரீம் வாங்கினா முன்னாடி வைங்க.

ஃபெராரி காப்பிங்கிற பேச்சுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினை நடுவுல வச்சா சீட் முன்னாடி வரும், பக்கத்துல காத்துக்கு வாய் வேணும், பின்னாடி சூடு வெளிய போக வழி வேணும், எந்த கம்பெனி பண்ணாலும் உருவம் பெரும்பாலும் அங்கதான் போய் நிக்கும். ஹோண்டா என்எஸ்எக்ஸ் பண்ணப்பவும் இதே பேச்சுதான் வந்துச்சு.

அடியில இருக்கிற வேலையைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. காரோட முதுகெலும்பு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல ஓடுற டனல். கூரை கழட்டுற கார்ல உறுதி வேணும்னா வழக்கமா கதவுக்கு அடியில இருக்கிற பாகத்தைத் தடிமனா பண்ணுவாங்க, அப்ப ஏறி இறங்குறது சுவரைத் தாண்டுற மாதிரி ஆயிடும். இவங்க உறுதியை எல்லாம் நடு டனல்ல கொண்டு போய் வச்சுட்டாங்க, அதனால கதவு வாசல் தாழ்வா இருக்கு, முட்டி வலி இருக்கிற பெரியவங்க கூட சிரமம் இல்லாம உக்காரலாம். பெரிய அலுமினிய வார்ப்பு பாகங்கள் ஆறு, இண்டியானா பெட்ஃபோர்ட் ஃபேக்டரியில செய்றது, அதை வச்சு மூட்டு எண்ணிக்கையைக் குறைச்சிருக்காங்க. பின் பம்பருக்கு உள்ள இருக்கிற பீம் வளைவான கார்பன் ஃபைபர். அப்புறம் லீஃப் ஸ்பிரிங். நம்ம ஊர் லாரிக்கு அடியில பாத்திருப்பீங்க இல்ல, அந்த பிளேட்டோட தூரத்துச் சொந்தம்தான் 1953ல இருந்து சி7 வரைக்கும் ஏதாவது ஒரு வடிவத்துல கார்வெட்ல இருந்துச்சு, பின்னாளில் கண்ணாடி இழையில செஞ்சு குறுக்க வச்சாங்க, எடை குறைவு, இடமும் குறைவு, கேலி பண்ணவங்க நிறைய பேருக்கு அது எவ்வளவு நல்லா வேலை செஞ்சதுன்னு தெரியாது. சி8ல அது போய் நாலு சக்கரத்துக்கும் காயில் ஸ்பிரிங் வந்துடுச்சு, குறுக்க போறதுக்கு இன்ஜினும் கியர்பாக்ஸும் இடம் விடல.

ஓட்டுறப்ப என்ன தெரியுதுன்னா, முதல்ல அமைதி. இவ்வளவு வேகமான கார் ரோட்டுல இவ்வளவு சொகுசா போகும்னு நான் எதிர்பாக்கல. நான் ஓட்டினது அந்த அண்ணனோட கார், ரோட்டுக்கு ஏத்த மாதிரி விறைப்பை மாத்திக்கிற மேக்னெடிக் சஸ்பென்ஷன் போட்டது, மிச்சிகன் ரோடு எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், குளிர் காலம் முடிஞ்சா ஒவ்வொரு லேன்லயும் குழி, அதுல டூர் மோடுல போட்டுட்டுப் போனா ஒரு நல்ல செடான்ல போற மாதிரிதான். அப்புறம் ஒரு ஹைவே ராம்ப் வளைவு வந்துச்சு. சி7ல மூக்கைத் திருப்பினா மூக்கு போய் அப்புறம் கார் வர்ற மாதிரி ஒரு சின்ன இடைவெளி இருக்கும், இதுல ஸ்டியரிங்கை அசைச்ச கணமே கார் முழுசா நம்ம இடுப்பைச் சுத்தித் திரும்புது, வளைவு முடியிற இடத்துல மிதிச்சா பின் டயர் கவ்விப் பிடிச்சு தள்ளுது, முதுகுக்குப் பின்னாடி இருந்து அந்த வி8 சத்தம் கண்ணாடி வழியா உள்ள வருது. அண்ணன் பக்கத்து சீட்ல இருந்து "மெதுவா தம்பி"ன்னு சொன்னாரு, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

கிளட்ச் பெடல் இல்லையேங்கிற குறைக்கு வரேன், ஏன்னா இது நிஜமான இழப்பு. சி8க்கு மேனுவல் கியர் கிடையவே கிடையாது, டிரெமெக் கம்பெனியோட எட்டு கியர் ட்வின் கிளட்ச் மட்டும்தான். மேனுவல் வாங்குற ஆளுங்க எண்ணிக்கை ரொம்பக் குறைவு, அந்த எண்ணிக்கைக்குப் புதுசா ஒரு கியர்பாக்ஸ் பண்ணித் தர யாரும் முன்வரல, அதோட கியர் லிவர்ல இருந்து பின்னாடி வரைக்கும் இணைப்பு போகணும்னா அந்த முதுகெலும்பு டனல்ல ஓட்டை போடணும்னு அப்ப சீஃப் இன்ஜினியரா இருந்த டாட்ஜ் யூக்டர் விளக்கம் சொல்லியிருக்காரு. காரணம் நியாயமானது, ட்வின் கிளட்ச்சும் அருமையா வேலை செய்யுது, பேடில் தட்டினா கண் சிமிட்டுறதுக்குள்ள கியர் மாறுது. ஆனாலும் கையால கியர் போட்டு ஓட்டுறதுல இருக்கிற சந்தோஷம் வேற, அதை எந்த விளக்கமும் திருப்பித் தராது. மேனுவல்தான் முக்கியம்னு நினைக்கிறவங்க சி8 பக்கமே வர வேண்டாம், ஏழு கியர் மேனுவலோட நல்லா பராமரிச்ச சி7 ஒண்ணு தேடி எடுங்க.

இன்டீரியர்ல ஒரே ஒரு விஷயத்துல எனக்குக் கோவம் இருக்கு. டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவுல ஒரு மேடு, அதோட முதுகு முழுக்க மேல இருந்து கீழ வரைக்கும் ஏசி பட்டன் வரிசையா. டிரைவர் பக்கம் இருந்து பாத்தா காக்பிட் மாதிரி அருமையா இருக்கு, ஆனா பக்கத்துல உக்கார்றவங்களுக்கு அது ஒரு சுவர். என் மனைவி கொஞ்ச தூரம் கூட வந்தாங்க, "என்னைத் தனி ரூம்ல உக்கார வச்ச மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க. ஓட்டுறப்ப சூட்டைக் குறைக்கணும்னா கண்ணை ரோட்டுல இருந்து எடுத்து அந்த வரிசையில எது எதுன்னு தேடணும், பழகினா கை தானா போகும்னு அண்ணன் சொல்றாரு, இருக்கலாம். எப்படியோ 2026 மாடல்ல அந்த பட்டன் வரிசையைத் தூக்கிட்டாங்க, டிரைவர் பக்கம் மூணு ஸ்க்ரீன் வந்திருக்கு. சதுரமா இருக்கிற ஸ்டியரிங் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, மீட்டர் முழுசா தெரியுது. பின்னாடி பாக்கிறது கஷ்டம், இன்ஜின் மேல கண்ணாடி வழியா ஒரு சின்ன கீத்துதான் தெரியும், கேமரா வச்ச ரியர்வியூ மிரர் இருக்கிற மாடலா பாத்து எடுங்க.

ஆரம்பத்துல பிரச்சனைகளும் இருந்துச்சு. 2019 கடைசியில தொழிலாளர் ஸ்ட்ரைக், அதனால கென்டக்கி பௌலிங் கிரீன்ல உற்பத்தி 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப் போச்சு, உடனே கொரோனா. முன்பக்க மூடி ஓடுறப்ப திறந்துக்குதுன்னு ரீகால் வந்து சாஃப்ட்வேர் மாத்தினாங்க. விலையும் இப்ப 70 ஆயிரத்தைத் தாண்டிடுச்சு, முதல் வருஷங்கள்ல டீலருங்க அதுக்கு மேலயும் கேட்டாங்க. ஆனாலும் சி8 வந்தப்ப அதே விலைக்கு பக்கத்துல நின்ன போர்ஷே 718 கேமன் அடிப்படை மாடல்ல 300 ஹார்ஸ்பவர் நாலு சிலிண்டர் டர்போதான் இருந்துச்சு. கேமனோட ஸ்டியரிங் இதைவிட நல்லா பேசும், ஒத்துக்கிறேன். பணத்துக்கு இவ்வளவு இன்ஜினியரிங் யாரும் தரல.

இதே உடம்புல அப்புறம் வந்ததைப் பாத்தாதான் அந்த முடிவோட அருமை தெரியும். இசட்06 மாடல்ல 5.5 லிட்டர் வி8, ரேஸ் கார் பாணியில ஃப்ளாட் பிளேன் கிராங்க்ஷாஃப்ட், 670 ஹார்ஸ்பவர், 8,600 ஆர்பிஎம் வரைக்கும் கத்திக்கிட்டே ஏறும், டர்போ இல்லாம ஒரு கார்வெட் அப்படிக் கத்தும்னு யார் நினைச்சாங்க. ஈ-ரேங்கிற ஹைபிரிட் மாடல்ல முன் சக்கரத்துக்கு எலக்ட்ரிக் மோட்டார், முதல் தடவையா நாலு சக்கரமும் இழுக்கிற கார்வெட். இசட்ஆர்1ல ரெண்டு டர்போ, 1,064 ஹார்ஸ்பவர், அதுல பின் கண்ணாடி நடுவுல 1963 ஸ்டிங்ரே மாதிரி ஒரு முதுகுப் பட்டை திரும்ப வந்திருக்கு, இன்ஜின் சூடு வெளிய போறதுக்கும் அது உதவுது. பழைய ஞாபகமும் இன்ஜினியரிங்கும் ஒரே கோட்டுல சேர்ந்த இடம் அது, பின்பக்கத்தை இவ்வளவு குறை சொன்ன நானே அந்த கண்ணாடி முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுல இருக்கிறவங்களுக்கு இன்னொரு நல்ல செய்தி, ஃபேக்டரியிலயே ரைட் ஹேண்ட் டிரைவா வர்ற முதல் கார்வெட் சி8தான். இந்தியாவுல செவ்ரொலே 2017லயே விற்பனையை நிறுத்திடுச்சு, அதனால ஊர்ல ஷோரூம்ல போய் பாக்கிற வழி இல்ல.

வாங்குற யோசனையில இருக்கிறவங்களுக்கு: சாதாரண ஸ்டிங்ரே போதும், இசட்51 கட்டாயம் போடுங்க, பெரிய பிரேக்கும் கூலிங்கும் பின் சக்கரங்களுக்கு பவரைப் பிரிச்சுக் கொடுக்கிற எலக்ட்ரானிக் டிஃபரன்ஷியலும் அதோடதான் வருது. மூக்கைத் தூக்குற ஃப்ரண்ட் லிஃப்டையும் விடாதீங்க, 40 மில்லிமீட்டர் தூக்கும், மூணு செகண்ட் கூட ஆகாது, வீட்டு டிரைவ்வே மாதிரி இடத்தை ஜிபிஎஸ்ல ஞாபகம் வச்சு அடுத்த தடவை தானாவே தூக்கிக்கும், அப்படி ஆயிரம் இடம் வரைக்கும் சேமிக்கலாம். இசட்51 கூட வர்றது சம்மர் டயர், குளிர் 40 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா ரப்பர் கல்லு மாதிரி ஆயிடும், பனி விழுற ஊர்ல இருந்தா வேற டயர் செட் ஒண்ணுக்கும் சேர்த்து பட்ஜெட் போட்டுக்கோங்க. பழசு எடுக்கிறதா இருந்தா முதல் வருஷ காரைத் தவிர்த்துட்டு 2022க்கு அப்புறம் வந்ததா பாருங்க, கியர்பாக்ஸ் ஃபில்டர் மாத்தின சர்வீஸ் பேப்பர் இருக்கான்னு கேளுங்க, அந்த பட்டன் வரிசை உங்களுக்கும் கூட வர்றவங்களுக்கும் ஒத்து வருதான்னு ரெண்டு பேரும் சேர்ந்து போய் உக்காந்து பாத்துட்டு அட்வான்ஸ் கட்டுங்க.